மூன்று நாள், ஒரு கோபுரம்: குளிர்கால லீவுக்கு சோல்ஸ்பரி

லண்டனில் இருந்து விடியக் காலமை வெளிக்கிட்டு, வின்ட்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ், பாத் நகரம் மூன்றையும் ஒரே நாளில் காட்டி, இரவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற சொகுசு பஸ்கள் இருக்கின்றன. இங்கேயிருந்து படிக்கப் போன பிள்ளைகள் பலர் தங்களுடைய முதல் டிசெம்பரிலேயே அதில் ஏறிவிடுவார்கள். அடுத்த நாள் வட்ஸ்அப்பில் படங்கள் வரும். கல்லுக்கு முன்னால் ஒன்று, கோட்டை வாசலில் ஒன்று. பாத் நகரத்துப் படத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் அங்கே போய் இறங்கும்போது இருட்டிவிட்டது.

அந்த பஸ்ஸில் ஏறாதீர்கள் என்பதுதான் என் கட்சி. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரே ஒரு ஊருக்குப் போங்கள். இரண்டு இரவு தங்குங்கள். பேராலயம் ஒன்று இருக்கிற சின்ன நகரமாகவும், அதைச் சுற்றி நடந்தே போகக்கூடிய நாட்டுப்புறமாகவும் இருக்கட்டும். இங்கிலாந்தில் அப்படி ஊர்கள் நிறைய. டர்ஹம் இருக்கிறது, லிங்கன் இருக்கிறது, ஈலி இருக்கிறது, வெல்ஸ் இருக்கிறது. நான் சொல்லப்போவது சோல்ஸ்பரி. (சோல்பரி ஆணைக்குழுவின் சோல்பரி இல்லை, அவர் வேறை. வரலாற்றுப் பாடத்தில் புள்ளி எடுத்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.)

லண்டன் வோட்டர்லூவில் இருந்து ரெயினில் ஒன்றரை மணித்தியாலம். ஸ்டேசனில் இறங்கி ஊருக்குள் நடந்தே போகலாம். கார் தேவையில்லை, கார் உள்ள மாமாவும் தேவையில்லை. இது சின்ன விசயமில்லை. லண்டனில் எங்கட ஆக்களின் லீவு நாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் யாரிடம் கார் இருக்கிறது என்பதுதான். ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருக்கிற சித்தப்பா, "வா தம்பி, ஒரு சுத்துச் சுத்திக் காட்டுறன்" என்பார். ஏழு பேர் ஏறுவார்கள். அவருக்கு எப்ப அலுக்கிறதோ அப்ப பயணம் முடியும். அன்பில் குறையில்லை. ஆனால் ஓர் ஊரைப் பார்க்க அது வழியில்லை.

முதலில் காசுக் கதையைக் கதைத்து முடிப்போம். மாணவர் விசாவில் இருக்கிறவருக்குப் பட்டப்படிப்புத் தவணை நடக்கும்போது வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை. லீவு விட்டால் முழுநேரமும் செய்யலாம். ஆகவே டிசெம்பர் என்பது உழைக்கிற மாதம். இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுணாக இருந்தது. அந்தக் கணக்கில் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் விட்டால் போவது கிட்டத்தட்ட 293 பவுண், இலங்கைக் காசுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். ரெயினும் தங்குமிடமும் அதற்கு மேலே. ஊரில் நகை அடகில் இருக்கும்போது கோபுரம் பார்க்கப் போவதா என்ற கேள்வி நியாயமானது. எனக்கும் அதற்கு மூன்று வரியில் பதில் இல்லை. ஆனால் ஒன்று கண்டிருக்கிறேன். ஒரு வருடப் படிப்புக்குப் போய், அறை, கம்பஸ், வேலை செய்த கடை, திரும்ப அறை என்று மட்டும் இருந்துவிட்டு வந்தவர்கள் அந்த நாட்டைப் பற்றிக் கதைக்கும்போது அதன் குளிரையும் வாடகையையும் தவிர வேறெதையும் கதைப்பதில்லை. கடன் பட்டுப் போன நாடு, அதில் மூன்று நாள் எங்களுக்கென்று இருக்கட்டும். அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

செலவைக் குறைக்க வழியும் இருக்கிறது. 16 இலிருந்து 25 வயது வரைக்குமான ரெயில் அட்டை எடுத்தால் ரிக்கற்றில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெள்ளி, சனி இரவுகளை விட்டுவிட்டு ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்பினால் தங்குமிடமும் மலியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளத் திருத்த வேலை நடப்பது வழமை, அதை மட்டும் முதலே பார்த்துவிடுங்கள். நத்தார் கிழமையில் போகவே போகாதீர்கள். டிசெம்பர் 25 அன்று அந்த நாட்டில் ரெயின் ஓடாது, 26இலும் பெரும்பாலும் இல்லை, கடைகளும் பூட்டு. புதுவருடத்துக்குப் பிறகு ஜனவரி நடுப்பகுதி நல்லது. கூட்டம் இல்லை, விலை இறங்கியிருக்கும், பொழுதும் கொஞ்சம் கொஞ்சமாக நீளத் தொடங்கியிருக்கும். இல்லையென்றால் டிசெம்பர் தொடக்கம். அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

குளிர்காலப் பயணத்தில் உண்மையில் தட்டுப்பாடு காசில்லை, வெளிச்சம். டிசெம்பர் 21ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணித்தியாலம் இருக்கும். சோல்ஸ்பரியில் எட்டு மணித்தியாலம்கூட முழுதாக இல்லை. காலை எட்டு மணி தாண்டித்தான் சூரியன் வரும், பின்னேரம் நாலு மணிக்குப் போய்விடும். ஆகவே திட்டம் போடும்போது ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: வெளிச்சத்தை வெளியில் செலவழிக்க வேண்டும், இருட்டை உள்ளே. சொல்லச் சுகம், செய்கிறவர்கள் குறைவு. லீவு தானே என்று ஒன்பதரைக்கு எழும்பி, பதினொன்றுக்குப் பேராலயத்துக்குள் போய், மத்தியானம் சாப்பிட்டு, இரண்டரைக்கு "இனி வயல் பக்கம் போவம்" என்றால் வயல் பக்கம் போவதற்குள் வயல் இருக்காது. எட்டு மணிக்கு சப்பாத்தைக் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறவருக்குத்தான் குளிர்காலம்.

சப்பாத்து என்றதும் நினைவு வருகிறது. எங்கட ஆக்கள் குளிருக்குப் பயந்து மூன்று ஸ்வெட்டர் போடுவார்கள், காலுக்கு ஓடுகிற சப்பாத்து. அந்தப் பக்கத்தில் குளிர் பெரிதாக இல்லை, பனி கொட்டுவதும் அருமை. ஈரம்தான் ஆளைக் கொல்லும். அது சுண்ணக்கல் நிலம். மழை பெய்த பிறகு பாதை சவர்க்காரம் பூசின மாதிரி வழுக்கும். தண்ணி பூராத சப்பாத்து, மாற்றுவதற்கு இரண்டு சோடி மேஸ், ஒரு சின்ன டோர்ச், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி. றோல்ஸோ மீன் பணிஸோ லண்டனிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். வெளியில் ஒரு சாப்பாட்டு விலையில் அங்கே நாலு பேர் சாப்பிடலாம்.

இனி ஊர். ரெயினில் வரும்போதே கோபுரம் தெரியும். உயரம் 123 மீற்றர், பிரித்தானியாவில் அதைவிட உயரமான பேராலயக் கோபுரம் இல்லை. 2018 மார்ச்சில் இந்த ஊரில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஒருவருக்கும் அவருடைய மகளுக்கும் நரம்பு நஞ்சு வைக்கப்பட்டது ஞாபகம் இருக்கலாம். பிரித்தானியா குற்றம் சாட்டின இரண்டு ரஷ்யர்கள் பிறகு தொலைக்காட்சியில் தோன்றி, நாங்கள் அந்த 123 மீற்றர் கோபுரத்தைப் பார்க்கப் போன சுற்றுலாக்காரர், சேறும் பனியுமாய் இருந்ததால் திரும்பி வந்துவிட்டோம் என்றார்கள். குளிர்காலத்தில் சோல்ஸ்பரிக்கு இரண்டு நாள் என்ற திட்டத்துக்கு உலகத்திலேயே ஆகப் பிரபலமான விளம்பரம் அதுதான். சிரித்துவிட்டுப் போகலாம் என்றாலும் முடியாது. அந்த நஞ்சு இருந்த போத்தல் சில மாதம் கழித்து வேறு ஆட்களின் கையில் அகப்பட்டு, இதோடு ஒரு தொடர்பும் இல்லாத உள்ளூர்ப் பெண் ஒருவர் இறந்துபோனார்.

பேராலயத்தின் பெரும்பகுதி 1220 இலிருந்து 1258 வரை, முப்பத்தெட்டே வருடத்தில் கட்டி முடிக்கப்பட்டது. மற்றப் பேராலயங்களில் நூற்றாண்டுக் கணக்காகக் கட்டியதால் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு காலத்தைக் காட்டும். இங்கே முழுதும் ஒரே கையெழுத்து. கோபுரம் மட்டும் அடுத்த நூற்றாண்டில் மேலே வைக்கப்பட்டது. கீழே கட்டினவர்கள் அப்படி ஒரு பாரம் வருமென்று நினைக்கவில்லை. 6,500 தொன். அத்திவாரமோ ஆற்றுச் சரளை மண்ணில் வெறும் நாலடி. உள்ளே போய் நடுவில் நின்று தூண்களை அண்ணாந்து பாருங்கள், வளைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். 1668இல் கிறிஸ்டோபர் ரென் வந்து அளந்து, உச்சி முக்கால் மீற்றர் அளவுக்குச் சரிந்திருக்கிறது என்று சொன்னார். இன்றைக்கும் தரையில் ஒரு துவாரம் இருக்கிறது, அதற்குள் கோல் விட்டு நிலத்தடித் தண்ணீர் மட்டம் பார்க்கிறார்கள். தண்ணீர் வற்றினாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. இந்தக் கோபுரத்தின் நிழலில் இருந்த பள்ளிக்கூடத்தில் பல வருடம் படிப்பித்த ஓர் ஆசிரியர் இப்படி ஒரு கோபுரம் கட்டுகிற பைத்தியத்தைப் பற்றி 1964இல் ஒரு நாவல் எழுதினார். வில்லியம் கோல்டிங். பிறகு நோபல் பரிசு வாங்கினார்.

பகலில் உள்ளே சுற்றிப் பார்க்கக் காசு கேட்பார்கள். மழை பெய்கிற நேரத்துக்கு அதை ஒதுக்கி வையுங்கள், எப்படியும் மழை பெய்யும். ஆனால் மாலை ஆராதனைக்குக் காசு இல்லை. இதைத்தான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 1549 செபப் புத்தகத்தில் இருந்து வருகிற வழிபாட்டு முறை அது. பிரசங்கம் இராது, முக்கால் மணித்தியாலம், முக்கால்வாசியும் பாட்டு. பாடுகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வளர்ந்த ஆண்களும். ஆங்கிலப் பேராலயங்களில் சிறுமிகளுக்கென்று தனிப் பாடகர் குழுவை நிலையாக அமைத்த முதலாவது பேராலயம் இதுதான், 1991இல். அதுவரை எத்தனையோ நூற்றாண்டாகச் சிறுவர்கள் மட்டும்தான். ஒரு சனமும் இல்லாத ஜனவரித் திங்கட்கிழமையிலும், கேட்க இருபது பேர் இருந்தாலும், அதே ஒழுங்கோடு பாடுவார்கள்.

"நாங்கள் சைவம், போய் இருக்கலாமோ?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். இருக்கலாம். மற்றவர்கள் எழும்பும்போது எழும்பு, இருக்கும்போது இரு, அவ்வளவுதான். உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மடுவுக்குப் போகாத சைவக்காரர் எங்களில் எத்தனை பேர்?

டிசெம்பர் தொடக்கம் நல்லது என்று சொன்னதற்கான காரணமும் இங்கேதான். நத்தாருக்கு முந்தின நாலு கிழமை திருவருகைக் காலம். அதன் தொடக்கத்தில் இந்தப் பேராலயத்தில் இருளிலிருந்து ஒளிக்கு என்று ஒரு பவனி வைப்பார்கள். விளக்கெல்லாம் அணைத்து முழுக் கட்டடமும் கும்மிருட்டாகும். மேற்கு வாசலில் ஒரே ஒரு மெழுகுதிரி ஏற்றப்படும். பாடிக்கொண்டே கிழக்கு நோக்கி நகர நகர ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரிகள் எரியும். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் வாழைக்குற்றி நட்டுச் சுட்டி வைத்து வளர்ந்தவர்களுக்கு இதில் விளங்கப்படுத்த ஒன்றுமில்லை. பருவம்கூட ஏறத்தாழ அதேதான். அந்த நாட்களில் சனம் நிரம்பும், அனுமதி ஒழுங்குகளை முதலே பார்த்துப் போக வேண்டும்.

குருமார் கூடிய எண்கோண மண்டபத்தில் 1215ஆம் ஆண்டின் மக்னா கார்ட்டா இருக்கிறது. அந்த வருடத்துப் பிரதிகளில் தப்பியிருப்பவை நாலுதான், அதில் ஒன்று. சின்னஞ்சிறு எழுத்து, ஒரு தோல் தாள், இருட்டுக்குள் வைத்திருப்பார்கள். சட்டப்படி தீர்ப்பு இல்லாமல் எந்தச் சுதந்திர மனிதனையும் பிடித்து அடைக்க முடியாது என்ற வாசகம் அதில்தான். அந்தக் காலத்தில் நிலத்தோடு கட்டுண்ட குடியானவன் அந்தச் சுதந்திர மனிதனுக்குள் அடங்கவில்லை என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கில்லாமல் ஆட்களை அடைத்து வைத்த நாட்டில் இருந்து போகிற நாங்கள், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் மற்றச் சுற்றுலாக்காரரை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்போம். அதற்கு யாரும் அவசரப்படுத்தாத ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை வேண்டும். பஸ்காரர் நாற்பத்தைந்து நிமிடம் என்று சொல்லி இறக்கிவிட்டால் அது நடக்காது.

நடுநாள், திங்கட்கிழமை, நாட்டுப்புறத்துக்கு. ஸ்டோன்ஹெஞ் போகாமல் வந்தால் வீட்டில் விடமாட்டார்கள் என்பது தெரியும். சோல்ஸ்பரியில் இருந்து 13 கிலோமீற்றர்தான், பஸ் இருக்கிறது. போவதென்றால் பார்வையாளர் நிலையத்தில் இருந்து கற்கள் வரை உள்ள இரண்டு கிலோமீற்றரை அங்கே தருகிற குட்டி பஸ்ஸில் போகாமல் நடந்து போங்கள், அந்த வெளி எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் விளங்கும். குளிர்காலத்துக்கு அந்த இடம் பொருத்தமும்கூட. கோடையின் நீளமான பகலில் சூரியன் உதிக்கிற திசைக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலில் சூரியன் மறைகிற திசைக்கும் நேராகக் கற்கள் நிற்கின்றன. பக்கத்தில் டரிங்டன் வோல்ஸ் என்ற இடத்தில் கிண்டியபோது கிடைத்த பன்றி எலும்புகளை வைத்து, அந்தச் சனம் குளிர்காலத்தில்தான் கூடி விருந்து வைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இவ்வளவும் சரி. ஆனால் கயிற்றுக்கு அங்கால் நின்று பார்க்க நல்ல விலை கேட்கிறார்கள். எனக்கு ஒரு நாள்தான் தந்தால் நான் ஓல்ட் சேரத்துக்குப் போவேன்.

ஓல்ட் சேரம் பழைய சோல்ஸ்பரி. நகரத்தில் இருந்து வடக்கே மூன்று கிலோமீற்றர், ஏவன் ஆற்றங்கரை வழியாக நடந்தே போகலாம். மண் அணைகள் சுற்றிய ஒரு மேடு. முதல் பேராலயம் அங்கேதான் இருந்தது, 1092இல் அபிசேகம் செய்து ஐந்தாம் நாளே புயல் அதைப் பிரித்துவிட்டது. பிறகு திருத்தினார்கள். ஆனால் அதே மேட்டில் கோட்டையும் இருந்தது, கோட்டைக்குள் படை. காற்று, தண்ணித் தட்டுப்பாடு எல்லாவற்றையும்விடக் குருமாருக்குப் பெரிய தலையிடி அந்தப் படைதான். கடைசியில் ஆயர் ரிச்சர்ட் பூர் காலத்தில் மேட்டை விட்டுக் கீழே ஆற்றோரப் புல்வெளிக்கு இறங்கி வந்து 1220இல் புதிதாகத் தொடங்கினார்கள். இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் இருக்க ஏலாமல் எழும்பிப் போன ஒரு கோயில் என்று சொன்னால் எங்களுக்கு உடனே பிடிபடும். பழைய பேராலயத்தின் கற்கள் பிறகு புதிய பேராலய வளவின் மதிலுக்குப் போயின. மேட்டில் இப்போது அதன் அடித்தளக் கோடுகள் மட்டும் புல்லுக்குள் தெரியும். உள்கோட்டைக்குத்தான் ரிக்கற், இந்தப் பகுதி இலவசம்.

சனம் போன பிறகும் அந்த வெறும் மேடு 1832 வரை பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் மன்செஸ்டருக்கு ஒருவரும் இல்லை. வாக்காளர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. ஆகவே மேட்டை வாங்கினவருக்கு ஆசனமும் சொந்தம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாங்கினவர் யாரென்றால், இந்திய வியாபாரத்தில் பணம் சேர்த்த தோமஸ் பிட். பிறகு 1698 இலிருந்து 1709 வரை சென்னைப் பட்டினத்தின் ஜோர்ஜ் கோட்டைக்கு ஆளுநராக இருந்தவர். அங்கே இருக்கும்போது வாங்கின ஒரு பெரிய வைரத்தை 1717இல் பிரான்சின் ஆட்சியாளருக்கு விற்றார், அது இன்றைக்கு பாரிஸில் லூவரில். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனது இந்த ஆளில்லா மேட்டின் உறுப்பினராக. பிறகு பிரதமரானார். லண்டனில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் தள்ளி, ஒரு வெறும் புல்மேட்டில் நின்றுகொண்டு மதராஸ் கதை கேட்பது எனக்கு வடிவாக இருந்தது. "இது எங்கட இடமில்லை" என்ற கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

அந்தக் கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராமத்துப் பப் ஒன்றுக்குள் நனைந்த கோட்டோடு போனால் தலைகள் திரும்பும், அந்த அறையில் மண்ணிற ஆள் நீங்கள் மட்டுமாகத்தான் இருப்பீர்கள். எனக்கு யாரும் கூடாமல் ஒன்றும் சொல்லவில்லை, சூப் தந்தார்கள், நாய் ஒன்று வந்து காலை மணந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமென்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டு லட்சம் கிலோமீற்றருக்கும் அதிகமான பாதைகளில் பொதுமக்களுக்கு நடக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. தனியார் வயலின் நடுவாலே போனாலும் அது உரிமைதான். மஞ்சள் அம்புக்குறி போட்ட கட்டை நின்றால் நடக்கலாம். எங்கட ஊரில் தெரியாத வளவுக்குள் கால் வைக்கப் பயந்து பழகின கால், அங்கே படலையில் கையை வைத்துக்கொண்டு தயங்கும். தயங்க வேண்டாம், திறந்து போய்விட்டுத் திரும்பப் பூட்டிவிடுங்கள். 130ஆம் இலக்க எக்ஸ்ப்ளோரர் வரைபடம் சோல்ஸ்பரியையும் ஸ்டோன்ஹெஞ்சையும் காட்டும், போனில் சிக்னல் போகிற இடங்களில் காகிதம்தான் துணை. ஓல்ட் சேரம் வரை தூரமென்றால், நகரத்தில் இருந்து ஹார்னம் வரை நீர்ப்புல்வெளியின் நடுவாலே போகிற பாதை இருக்கிறது, இருபது நிமிடம். ஓவியர் கொன்ஸ்டபிள் பேராலயத்தைத் தீட்டியது இந்தப் புல்வெளிப் பக்கம் நின்றுதான். மழை கூடின ஜனவரியில் அங்கே வெள்ளம் ஏறும், அப்போது கோபுரம் இரண்டாகத் தெரியும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நாட்டுப்புறம் அமைதியானது, அழகானது என்று மட்டும் எழுதினால் அது சுற்றுலாத் துண்டுப்பிரசுரம். சோல்ஸ்பரிக்கு வடக்கே விரிகிற பெருவெளியின் பெரும் பகுதி இராணுவப் பயிற்சி நிலம். சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக்கூடாது. அந்த நிலத்துக்குள் இம்பர் என்று ஒரு கிராமம். 1943 நவம்பரில் ஊராரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, 47 நாளுக்குள் வெளிக்கிடச் சொன்னார்கள். அமெரிக்கப் படைகளுக்குப் பயிற்சி இடம் தேவைப்பட்டது. டிசெம்பர் 17க்குள், நத்தாருக்கு ஒரு கிழமை இருக்க, எல்லாரும் போனார்கள். ஏறத்தாழ 150 பேர். நிலத்தை யுத்த அமைச்சு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது, சனம் வாடகைக் குடிகள். யுத்தம் முடியத் திரும்பலாம் என்று நம்பினார்கள். யுத்தம் முடிந்தது, விடவில்லை. 1961இல் ஆயிரக்கணக்கானோர் கூடிப் போராடினார்கள், விசாரணையும் நடந்தது, இராணுவம் வைத்துக்கொண்டது. சனத்துக்குக் கிடைத்தது சென் ஜைல்ஸ் தேவாலயமும் வருடத்தில் சில நாளும்.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டு, வருடத்துக்கு ஒரு திருவிழாவுக்குக் கோயில் மட்டும் திறந்துவிட்ட காலத்தில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இதை வாசிக்கிறீர்கள். உங்களுக்கு நான் ஒப்பிட்டுக் காட்டத் தேவையில்லை. இரண்டும் ஒன்று என்றும் சொல்ல மாட்டேன். அங்கே ஷெல் விழுந்து சனம் ஓடவில்லை, போனவர்கள் பக்கத்து ஊர்களிலேயே வாழ்ந்து முடிந்தார்கள். ஆனாலும் பார்க்க வேண்டிய இடம் எது என்று என்னிடம் கேட்டால், பத்துப் பன்னிரண்டு கற்களுக்கு முதல் இதைச் சொல்வேன். லண்டன் பஸ்களில் ஒன்றும் அங்கே நிறுத்துவதில்லை.

பாதை குறிப்பிட்ட சில நாட்களுக்குத்தான் திறக்கும். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் திறப்பது உண்டு, அறிவித்தலைப் பார்த்து உங்கள் திகதியை வையுங்கள். நத்தார் கிழமையில் போகாதீர்கள் என்று நான் சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. சோல்ஸ்பரியில் இருந்து வோமின்ஸ்டருக்கு ரெயினில் இருபது நிமிடம் அளவில். அங்கிருந்து டாக்ஸிதான், மூன்று பேர் சேர்ந்தால் தாங்கும். உள்ளே போனால் தாரை விட்டு இறங்கக்கூடாது, வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன. பழைய வீடுகள் பெரும்பாலும் இல்லை, பயிற்சிக்காகக் கட்டின யன்னலில்லாத வெற்றுக் கட்டடங்கள் நிற்கும். தேவாலயத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வெளிக்கிடச் சொன்ன அன்று ஊர்க் கொல்லன் தன்னுடைய பட்டறையில், அடைகல்லின் மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார் என்று சொல்வார்கள். சில கிழமைகளில் அவர் இறந்தார், அடக்கம் செய்ய அந்தத் தேவாலய வளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்களில் முதலில் திரும்பி வந்தவர் அவர்தான்.

இரண்டரை மணிக்கு டாக்ஸிக்காரரைத் திரும்பி வரச் சொல்லுங்கள். மூன்று மணி தாண்டினால் வெளிச்சம் போகத் தொடங்கும், அந்த வெளியில் வீதி விளக்கு ஒன்றுமில்லை. அப்படி வெளிக்கிட்டால் மாலை ஆராதனைக்கு முதல் சோல்ஸ்பரிக்கு வந்து, ஈர மேஸை மாற்றி, ஒரு தேத்தண்ணியும் குடிக்க நேரம் இருக்கும்.